தனியார் தரிப்பிடத்திலிருந்து 100 பவுண் கடிதம்: கட்டிவிடுவதா, எதிர்ப்பதா?

கிழக்கு லண்டனின் இல்ஃபோர்ட் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவர் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறார். 2025 செப்டெம்பர் 6, சனிக்கிழமை பிற்பகல், மாமிக்குச் சேலை எடுப்பதற்காகக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார்கள். கார் வாசகியின் பெயரில் பதிவாகியுள்ளது. அன்று ஓட்டியவர் அவருடைய தம்பி. கடைகளின் பின்னாலிருக்கும் தனியார் தரிப்பிடத்தில் இரண்டு மணி நேரத்துக்குப் பணம் கட்டி டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். கமராப் பதிவின்படி கார் உள்ளே நுழைந்தது 2.03 மணிக்கு, வெளியேறியது 4.30 மணிக்கு. டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரம் 2.14. மாமிக்கு எட்டு ஆண்டுகளாக மூட்டுவாதம். நடைச்சட்டம் இல்லாமல் நடக்க மாட்டார். இயலாமை உள்ளவர்களுக்கு வாகனம் நிறுத்தச் சலுகை தரும் நீல அட்டைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

செப்டெம்பர் 23ஆம் திகதியிட்ட கடிதம் 26ஆம் திகதி கிடைத்திருக்கிறது. 27 நிமிடம் கூடுதலாக நின்றதற்கு 100 பவுண் கட்ட வேண்டும், 14 நாட்களுக்குள் கட்டினால் 60 பவுண் போதும் என்கிறது அது. ஜூலையில் வீடு மாறியதால் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், தபால் திருப்பிவிடும் சேவை மூலம் வந்து சேர்ந்திருக்கிறது. கணவர், "60 பவுணைக் கட்டித் தொலைத்துவிடு" என்கிறார். ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர், "இது கவுன்சில் கடிதம் இல்லை, குப்பையில் போடு" என்கிறார். தம்பி ஓட்டினான் என்று எழுதிவிட்டால் தான் தப்பலாமா என்பது வாசகியின் கேள்வி. வரும் ஜனவரியில் பிரித்தானியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க இருப்பதால், இது குற்றப் பதிவாகிவிடுமோ என்ற பயத்தில் தூக்கம் வரவில்லை என்கிறார். அனுப்புவதற்கென எழுதிவைத்த பதில் கடிதத்தின் பிரதியையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அந்தப் பதில் கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். அதில் ஒரு வரி உங்களுடைய மிகப் பெரிய பலத்தையே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். அதற்கு முன் உங்களைத் தூங்கவிடாத பயத்தைப் பார்த்துவிடலாம்.

இது தண்டப்பணம் அல்ல

உங்களுக்கு வந்திருப்பது ஒரு தனியார் நிறுவனத்தின் கேட்புக் கடிதம். இதையும், கவுன்சில் அனுப்பும் தண்டப்பண அறிவித்தலையும் ஆங்கிலத்தில் பி.சி.என் என்றே சுருக்கிச் சொல்வதால் பலர் குழம்பிவிடுகிறார்கள். கவுன்சிலின் அறிவித்தலுக்குப் பின்னால் சட்ட அதிகாரம் இருக்கிறது. அதைக் கையாளத் தனியான தீர்ப்பாயங்களும் இருக்கின்றன. தனியார் நிறுவனம் சொல்வது வேறு: "எங்கள் காணியில் அறிவிப்புப் பலகை வைத்திருந்தோம், அதிலிருந்த நிபந்தனைகளை ஏற்று வாகனத்தை நிறுத்தினீர்கள், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், ஆகவே இவ்வளவு தர வேண்டும்." இது முழுக்க முழுக்கக் குடியியல் விவகாரம். பொலிசுக்கு இதில் வேலையில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தில் புள்ளி விழாது. குற்றப் பதிவும் ஆகாது.

பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் இந்தக் கடிதத்தால் மட்டும் எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த விண்ணப்பப் படிவம் உங்களுக்கு எதிராகக் குடியியல் தீர்ப்பு ஏதும் உண்டா என்று கேட்கும். தரிப்பிடக் கடிதத்தைப் புறக்கணித்து, வழக்கையும் புறக்கணித்து, நீங்கள் இல்லாமலே கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு விழுந்தால் அதை அங்கே எழுத வேண்டிவரும். ஆகவே அண்ணர் சொல்லும் வழிதான் உங்கள் நிலையில் மிக ஆபத்தான வழி.

அவர் வேண்டுமென்று தவறாகச் சொல்லவில்லை. 2012 ஒக்டோபர் முதலாம் திகதிக்கு முன்பு அந்த அறிவுரையில் நியாயம் இருந்தது. அப்போது ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால், பதிவுக்காரரிடம், அதாவது கார் யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவரிடம், பணம் கேட்க நிறுவனத்துக்கு வழியில்லை. சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் 2012 இரண்டு விடயங்களை ஒரே நாளில் மாற்றியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் காணிகளில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவது தடை செய்யப்பட்டது. அதற்கு ஈடாக, அந்தச் சட்டத்தின் நான்காவது அட்டவணையிலுள்ள நிபந்தனைகளை நிறுவனம் ஒழுங்காகப் பின்பற்றினால் பதிவுக்காரரிடமே பணம் கேட்கலாம் என்றானது. இன்று நிறுவனங்கள் 2.50 பவுண் கட்டி, வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் அரச அமைப்பான டி.வி.எல்.ஏயிடம் உங்கள் விலாசத்தைப் பெறுகின்றன, வழக்கும் போடுகின்றன. வழக்குப் போட அவர்களுக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. ஒரு வருடம் கடிதம் வராமல் இருந்தால் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

"ஆறு நிமிடத்துக்கு 100 பவுணா?"

உங்கள் கடிதத்தில் மிகக் கோபமாக எழுதப்பட்டிருக்கும் பகுதி இது. (27 நிமிடம் எப்படி ஆறாகிறது என்ற கணக்கைப் பின்னால் தருகிறேன்.) அவர்களுக்கு ஒரு பவுண் கூட நட்டமில்லை, நீதிமன்றம் இதை ஒருபோதும் ஏற்காது என்கிறீர்கள். கோபம் நியாயமானது. சட்டம் உங்கள் பக்கம் இல்லை. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவசத் தரிப்பிடத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாக நின்ற ஒருவர் இதே வாதத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் என்ற அந்த வழக்கில் 2015 நவம்பர் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அங்கே கேட்கப்பட்ட தொகை 85 பவுண். இடம் அடைபடாமல் வாகனங்கள் மாறி மாறி வந்துபோக வேண்டும் என்பது நிறுவனத்தின் நியாயமான நலன், அதைக் காக்க நட்டத்தை விடக் கூடிய தொகை வைக்கலாம், தொகை அளவுகடந்ததல்ல என்று நீதியரசர்கள் முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து "நட்டமே இல்லை" என்ற வாதத்தால் மட்டும் யாரும் வெல்வதில்லை.

அந்தத் தீர்ப்பு அடியோடு உங்களுக்கு எதிரானது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தரிப்பிடத்தில் அறிவிப்புப் பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் பல இடங்களிலும் இருந்தன. காரை நிறுத்தியவர் அவற்றைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாத நிலை. உங்கள் தரிப்பிடத்தில் பலகை எங்கே இருக்கிறது, 100 பவுண் என்ற தொகை எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்று இந்த வாரமே போய்ப் படமெடுத்து வையுங்கள். பலகைகளை மாற்றிவிட்ட பிறகு பழையதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

உங்கள் பலம் திகதியில் இருக்கிறது

நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விடயம்தான் இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகத் தெரிந்தது. சம்பவம் செப்டெம்பர் 6. கடிதத்தின் திகதி செப்டெம்பர் 23.

காரின் கண்ணாடியில் எந்தச் சீட்டும் ஒட்டாமல், கமராவை மட்டும் நம்பி அனுப்பப்படும் அறிவித்தல், வாகனம் வெளியேறிய மறுநாளிலிருந்து எண்ணி 14 நாட்களுக்குள் பதிவுக்காரருக்குக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். தபாலில் போட்ட இரண்டாவது வேலை நாளில் அது கொடுக்கப்பட்டதாகச் சட்டம் கொள்ளும். உங்கள் விடயத்தில் அந்த 14 நாள் செப்டெம்பர் 20உடன் முடிந்துவிட்டது. 23ஆம் திகதி தபாலில் போட்டிருந்தால் 25ஆம் திகதிதான் கொடுத்ததாகக் கணக்கு. ஐந்து நாள் பிந்திவிட்டார்கள். இதன் விளைவு: பதிவுக்காரர் என்ற காரணத்தை மட்டும் வைத்து உங்களிடம் பணம் கேட்கும் உரிமையை அவர்கள் இழந்துவிட்டார்கள். ஓட்டியவரிடம் கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஓட்டியவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

இதை நம்பி அடுத்த அடி வைக்குமுன் இரண்டு விடயங்களை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். முதலாவது, அன்று கண்ணாடியில் மஞ்சள் உறையோ சீட்டோ இருந்ததா என்று தம்பியிடம் கேளுங்கள். இருந்திருந்தால் கணக்கு முற்றிலும் மாறும். அப்போது தபால் அறிவித்தல் 28 நாள் கழிந்த பின்னர், 56 நாட்களுக்குள் வந்தால் போதும். இரண்டாவது, உங்கள் வீடு மாறிய கதை. இந்த 23ஆம் திகதிக் கடிதம்தான் முதற்கடிதமா? அல்லது 9ஆம், 10ஆம் திகதி அனுப்பிய முதற்கடிதம் பழைய வீட்டில் தொலைந்து, இது நினைவூட்டலாக வந்திருக்கிறதா? டி.வி.எல்.ஏ பதிவில் இருந்த விலாசத்துக்கு நேரத்தோடு அனுப்பியிருந்தால், உங்கள் கைக்கு வராதது அவர்கள் பிழையாகாது. கடிதத்தின் தலைப்பில் நினைவூட்டல் என்ற பொருளில் ஏதேனும் சொல் இருக்கிறதா, "முன்பு அனுப்பிய அறிவித்தல்" என்று எங்கேனும் வருகிறதா என்று பாருங்கள். 60 பவுண் சலுகை இன்னும் தரப்படுவதால் இது முதற்கடிதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐயம் இருந்தால், உங்களைப் பற்றி வைத்திருக்கும் எல்லாத் தரவுகளையும் தரும்படி நிறுவனத்துக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

கடிதத்தின் பின்பக்கத்தையும் வாசியுங்கள். பதிவுக்காரரைப் பொறுப்பாக்க நினைக்கும் நிறுவனம் 2012 சட்டத்தையும் நான்காவது அட்டவணையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, 28 நாட்களுக்குப் பிறகு உங்களிடமே அறவிட உரிமை வரும் என்று எச்சரிக்கும். அந்தப் பந்தி இல்லாவிட்டால், பிந்திவிட்டோம் என்பது அவர்களுக்கே தெரியும் என்று கொள்ளலாம்.

விமான நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் துணைவிதிகள் பொருந்துவதால் இந்த அட்டவணை பெரும்பாலும் பொருந்தாது. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு. உங்களுடையது சாதாரணக் கடைத்தெருத் தரிப்பிடம் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

தம்பியின் பெயரைச் சொல்லலாமா?

உங்கள் வரைவில், "தம்பி காரை எடுக்கக் கொஞ்சம் பிந்திவிட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அனுப்பினால் நீங்கள் தப்புவீர்கள், உண்மைதான். அதே வரியால் தம்பி மாட்டுவார். ஓட்டியவருக்கு 14 நாள் கெடு எதுவும் இல்லை. அவரைத் தெரிந்த மறுகணமே நிறுவனம் அவர் பெயருக்குக் கடிதம் அனுப்பலாம்.

சொல்லாமல் விடுவது பொய்யாகிவிடாதா என்று நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்காகவே உங்கள் மீது எனக்கு மதிப்பு வருகிறது. பொய் ஆகாது. தனியார் நிறுவனத்துக்கு ஓட்டியவரின் பெயரைச் சொல்லும் கடமை பதிவுக்காரருக்கு இல்லை. வேகமாகப் போனதற்காகப் பொலிசிலிருந்து கடிதம் வந்தால் நிலைமை நேர்மாறானது: வீதிப் போக்குவரத்துச் சட்டம் 1988இன் 172ஆம் பிரிவின்படி யார் ஓட்டினார் என்று சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே குற்றம். இந்த இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

சொல்லாமல் இருக்க உரிமை உண்டு. பொய் சொல்ல உரிமை இல்லை. ஊரிலிருந்து வந்துபோன உறவினர் ஓட்டினார் என்று இல்லாத ஒருவரை எழுதச் சொல்லும் அறிவுரை நம்மவர்களிடையே சுற்றுகிறது. தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம். விடயம் நீதிமன்றத்துக்குப் போனால் உங்கள் எதிர்வாதத்தின் அடியில், எழுதியது உண்மை என்று கையொப்பம் இடுவீர்கள். அங்கே தெரிந்தே பொய் எழுதுவது நீதிமன்ற அவமதிப்பு. 100 பவுண் குடியியல் விவகாரம் ஒன்றை, பிரஜாவுரிமை கேட்கும் வேளையில், நீங்களே அந்த உயரத்துக்கு ஏற்றிவிடுவீர்கள். நீதிபதி நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். உங்களிடம் இருக்கும் உண்மை நல்ல உண்மை: "நான் ஓட்டவில்லை."

பதிவுக்காரர்தானே பெரும்பாலும் ஓட்டுவார் என்று நிறுவனங்கள் வாதாடுவதுண்டு. அந்த ஊகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்கக் கூடாது என்று கவுண்டி நீதிமன்ற மேன்முறையீடுகளில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனாலும் சிறு வழக்குகளில் நீதிபதிக்கு நீதிபதி அணுகுமுறை மாறும். "நான் ஓட்டவில்லை" என்று உண்மையாகச் சொல்லக்கூடிய உங்கள் நிலை, வாயை மூடிக்கொள்ள மட்டுமே முடிந்த ஒருவரின் நிலையை விட எவ்வளவோ உறுதியானது.

16 நிமிடங்களும் மாமியின் முழங்காலும்

திகதி வாதம் உங்களைக் காக்கும்; தம்பியைக் காக்காது. ஆகவே நேரக் கணக்கையும் பார்ப்போம். அவர்கள் சொல்லும் 27 நிமிடம் வாசலிலிருந்து வாசல் வரை எடுத்த கணக்கு. இடம் தேடியது, மாமியை இறக்கி நடைச்சட்டத்தை விரித்தது, இயந்திரத்தின் முன் வரிசையில் நின்றது என்று டிக்கெட் எடுக்கும் வரை 11 நிமிடம் போயிருக்கிறது. டிக்கெட் முடிந்தது 4.14க்கு, வெளியேறியது 4.30க்கு: 16 நிமிடம். 2024 ஒக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள தரிப்பிடத் துறையின் ஒருமித்த விதிக்கோவை, நேரம் முடிந்த பின் 10 நிமிடச் சலுகை தர வேண்டும் என்கிறது. மிஞ்சுவது ஆறு நிமிடம்.

அந்த ஆறு நிமிடத்துக்கு மாமியின் உடல்நிலை பதிலாகலாம். நீல அட்டை இல்லாததால் இதைச் சொல்லவே முடியாது என்று நினைத்திருக்கிறீர்கள், அது சரியல்ல. நீல அட்டைத் திட்டம் பொது வீதிகளுக்கானது. தனியார் காணியில் அதற்குச் சட்ட வலு இல்லை. மாறாக, சமத்துவச் சட்டம் 2010 தனியார் சேவைகளுக்கும் பொருந்தும். 12 மாதங்களுக்கு மேல் நீடித்து அன்றாட நடமாட்டத்தைக் கணிசமாகப் பாதிக்கும் மூட்டுவாதம் அதன்படி இயலாமையாகக் கருதப்படலாம். அட்டை தேவையில்லை, மருத்துவரின் ஒரு கடிதம் உதவும். சேவை தருபவர் நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும். நடைச்சட்டத்தோடு வருபவருக்குச் சில நிமிடம் கூடுதலாகத் தருவது அத்தகையது என்று வாதிடலாம். இது நிச்சயம் வெல்லும் என்று நான் உறுதி தர மாட்டேன். துணை வாதமாக வையுங்கள். நீல அட்டைக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கவுன்சில் வீதிகளில் மாமிக்கு அது பெரிய ஆறுதல்.

இன்னொரு வழி பலருக்குத் தோன்றுவதில்லை. தரிப்பிடத்தை நடத்தும் நிறுவனம் வேறு, காணியின் சொந்தக்காரர் வேறு. சேலைக் கடையின் பற்றுச்சீட்டோடு கடை முகாமையாளரிடம் போய், காணிச் சொந்தக்காரர் அல்லது அவர்களின் முகவர் யார் என்று கேளுங்கள். வாடிக்கையாளரை இழக்க விரும்பாத சொந்தக்காரர் ஒரு மின்னஞ்சலில் இதை இரத்துச் செய்யச் சொல்லலாம். சட்ட வாதங்கள் எல்லாவற்றையும் விட வேகமாக வேலை செய்வது பல நேரம் இதுதான்.

கணவர் சொல்வது போல 60ஐக் கட்டிவிட்டால்?

அது முட்டாள்தனமான யோசனை அல்ல. திகதி சரியாக இருந்து, நீங்களே ஓட்டியிருந்து, பலகையும் தெளிவாக இருந்திருந்தால், பலரிடம் நானே கட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மன நிம்மதிக்கும் ஒரு விலை இருக்கிறது. கட்டினால் விடயம் முடிந்தது; பிறகு மனம் மாறித் திருப்பிக் கேட்க முடியாது.

உங்கள் நிலையில் எதிர்ப்பதையே பரிந்துரைக்கிறேன். முதற்படியில் நீங்கள் இழப்பது ஏதுமில்லை. 14 நாளுக்குள், அதாவது ஒக்டோபர் 7ஆம் திகதிக்கு முன், நிறுவனத்துக்கு மேன்முறையீடு அனுப்புங்கள். அவர்கள் நிராகரித்தாலும், அந்தக் குறைந்த தொகையைக் கட்ட மீண்டும் 14 நாள் தர வேண்டும் என்பது துறையின் விதி. ஒக்டோபர் 21 வரை மேன்முறையீடு செய்யலாம், ஆனால் சலுகை கைநழுவக்கூடும்.

நிராகரித்தால் சுயாதீன அமைப்பு ஒன்றுக்குப் போகலாம். கடிதத்தின் மூலையிலுள்ள சின்னத்தைப் பாருங்கள். தரிப்பிட நிறுவனங்களுக்கு பி.பி.ஏ, ஐ.பி.சி என்று இரண்டு சங்கங்கள் உண்டு. நிறுவனம் பி.பி.ஏ உறுப்பினர் என்றால் பொப்லா எனப்படும் மேன்முறையீட்டுச் சேவைக்கு, ஐ.பி.சி உறுப்பினர் என்றால் ஐ.ஏ.எஸ் எனப்படும் மேன்முறையீட்டுச் சேவைக்கு. பொப்லாவுக்கு நிராகரிப்புக் கடிதத்திலிருந்து 28 நாள் உண்டு, கட்டணம் இல்லை. அங்கே 14 நாள் கெடுவைத் தவறவிட்ட விடயம் எடுபடும் வாதம். நீங்கள் வென்றால் நிறுவனம் கைவிட்டே ஆக வேண்டும். தோற்றால் அந்த முடிவு உங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் 60 பவுண் சலுகை போய்விடும், 100 ஆகும். ஐ.ஏ.எஸ் மீது எனக்கு அந்த அளவு நம்பிக்கை இல்லை. அங்கே போக வேண்டியிருந்தால், ஆவணங்கள் மறுக்க முடியாதவையாக இருக்கும்போது மட்டும் போங்கள்.

வழக்கு வரை போனால்

இடையில் கடன் அறவிடும் நிறுவனங்கள் சிவப்பு எழுத்தில் கடிதம் அனுப்பும். 100 பவுண் 170 ஆகும். அவர்களுக்கு உங்கள் வீட்டுக்குள் வரவோ பொருளைத் தூக்கவோ எந்த அதிகாரமும் இல்லை; தீர்ப்பு வந்து அதையும் கட்டாமல் விட்ட பிறகுதான் பெய்லிஃப், அதாவது தீர்ப்புப் பணத்தை அறவிட வரும் அதிகாரி, என்ற பேச்சே வரும். அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் விடலாம்.

பதில் எழுதியே ஆக வேண்டியவை இரண்டு. ஒன்று, வழக்குக்கு முந்தைய அறிவித்தல். 30 நாள் தருவார்கள். மற்றது, நீதிமன்றத்திலிருந்து வரும் வழக்குப் படிவம். அது உங்களுக்குச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் நாளிலிருந்து 14 நாட்களுக்குள், கிடைத்ததை ஒப்புக்கொண்டு பதிவு செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் எதிர்வாதம் தர மொத்தம் 28 நாள் கிடைக்கும். பிறகு தொலைபேசி மூலம் இலவச சமரசப் பேச்சு ஒன்று உண்டு. 2024 மே மாதத்திலிருந்து சிறு வழக்குகளில் அதில் கலந்துகொள்வது கட்டாயம். கலந்துகொள்வதுதான் கட்டாயம், பணம் தர ஒப்புக்கொள்வது அல்ல. விசாரணை பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நீதிமன்றத்தில் நடக்கும்.

தோற்றால் என்ன ஆகும் என்ற கணக்கையும் தந்துவிடுகிறேன். 100 பவுண், அதன் மேல் 35 பவுண் நீதிமன்றக் கட்டணம், 50 பவுண் சட்டத்தரணிக் கட்டணம், விசாரணைக் கட்டணம், சிறிது வட்டி. கடன் அறவிடும் செலவென்று சேர்க்கும் 70 பவுணைச் சில நீதிபதிகள் ஏற்கிறார்கள், சிலர் வெட்டுகிறார்கள். எல்லாம் சேர்ந்து 300 பவுணுக்குள் நிற்கும். எதிர்த்தரப்பின் பெரிய சட்டச் செலவை உங்கள் தலையில் கட்டுவது சிறு வழக்குகளில் அரிது. முறைகேடாக நடந்துகொண்டால்தான் அப்படி நடக்கும். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் அந்தத் தீர்ப்பு பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். கட்டாமல் விட்டால் ஆறு ஆண்டு அங்கே இருக்கும். வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அதைப் பார்க்கும்.

நான் கண்ட வரையில், மக்களைக் கெடுப்பது நீதிமன்றத்தில் தோற்பது அல்ல. பழைய விலாசத்துக்குப் போன வழக்குப் படிவம். வழக்கு நடந்ததே தெரியாது. தீர்ப்பு விழுந்தது வங்கி மறுத்த பிறகு தெரியும். அதை நீக்கக் கோரும் விண்ணப்பத்துக்கே 300 பவுணுக்கு மேல் கட்டணம். உங்களிடம் தபால் திருப்பிவிடும் சேவை இருக்கும் வரை இந்தக் கடிதங்கள் வரும். அது முடியும் நாளில் நின்றுவிடும். ஆகவே இதை வாசித்து முடித்ததும் வி5சி பதிவுப் பத்திரத்தில் விலாசத்தை மாற்றுங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தில் மாற்றியது இதற்குப் போதாது, இரண்டும் தனித்தனி. மாற்றாமல் வைத்திருப்பதற்கே 1,000 பவுண் வரை தண்டம் உண்டு. தரிப்பிட நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதத்திலும் புதிய விலாசத்தைத் தெளிவாக எழுதி, இனி எல்லாவற்றையும் இங்கேயே அனுப்பும்படி கேளுங்கள்.

அனுப்ப வேண்டிய கடிதம்

கண்ணாடியில் சீட்டு இல்லை, இதுவே முதற்கடிதம் என்ற இரண்டும் உறுதியானால் இந்தப் பொருளில் சுருக்கமாக ஆங்கிலத்தில் எழுதுங்கள்:

"இந்த வாகனத்தின் பதிவுக்காரர் என்ற முறையில் எழுதுகிறேன். சம்பவத் திகதி 2025 செப்டெம்பர் 6. உங்கள் அறிவித்தலின் திகதி செப்டெம்பர் 23. 2012 சட்டத்தின் நான்காவது அட்டவணை, ஒன்பதாம் பந்தி கோரும் 14 நாட்களுக்குள் இது தரப்படவில்லை. ஆகவே பதிவுக்காரர் பொறுப்பு எழவில்லை. நான் ஓட்டுநர் அல்லர். ஓட்டுநரின் பெயரைத் தரும் கடமை எனக்கில்லை. மேலும், பணம் கட்டிய டிக்கெட்டின் பிரதியை இணைத்துள்ளேன். வாகனத்தில் வந்தவர்களில் ஒருவர் நடமாட்ட இயலாமை உள்ளவர். இந்தக் கட்டணத்தை இரத்துச் செய்யவும். இல்லையேல் சுயாதீன மேன்முறையீட்டுக்கான இலக்கத்தைத் தரவும்."

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். அன்றைய கதையைச் சொல்லத் தொடங்கினால் "நாங்கள்", "தம்பி", "எடுத்தான்" என்று பெயர் தானாகவே வந்துவிடும். நிறுவனத்தின் இணையத்தளப் படிவத்தில் அனுப்பினால், "நீங்கள் ஓட்டுநரா, பதிவுக்காரரா" என்ற பெட்டியில் பதிவுக்காரர் என்பதையே தெரிவுசெய்யுங்கள். அனுப்பியதற்கான ஆதாரமாகத் திரையை அப்படியே படமெடுத்து (ஸ்கிரீன்ஷொட்) வையுங்கள். அசல் டிக்கெட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

இது முதற்கடிதம் அல்ல, முன்பே நேரத்தோடு ஒன்று போயிருக்கிறது என்று தெரியவந்தால் இந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். அப்போது பொறுப்பு உங்கள் மீதே நிற்கும். தம்பியோடு பேசி, அவர் பெயரில் அவரே நேரக் கணக்கையும் மாமியின் நிலையையும் வைத்து வாதாடுவதா, அல்லது சலுகைக் காலத்துக்குள் 60ஐக் கட்டிவிடுவதா என்று இருவரும் முடிவெடுங்கள். அந்த நிலையில் கணவர் பக்கம் சாய்ந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். வழக்குப் படிவம் வந்துவிட்டால் மட்டும் தாமதிக்காமல் ஒரு சட்டத்தரணியையோ, கட்டணமின்றி உதவும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தையோ அந்தப் படிவத்தோடு நேரில் சந்தியுங்கள். படிவத்தின் மேல் மூலையில் இருக்கும் வெளியீட்டுத் திகதியிலிருந்து ஐந்தாம் நாள் அது உங்களுக்குச் சேர்ந்ததாகக் கணக்கு. உங்கள் 14 நாள் அங்கிருந்து ஓடும்.